சம்பளம் கூட்டியும் ஆட்கள் நிற்கவில்லை: கடை ஊழியர்கள் எதை மரியாதை என்று நினைக்கிறார்கள்?

விளக்குத்தூண் (இழையைத் தொடங்கியவர்)
திங்கள், இரவு 10.50

மதுரையில் எங்களுக்கு ஒரு ஜவுளிக்கடை இருக்கிறது. அப்பா தொடங்கியது, இப்போது நான் பார்க்கிறேன். மூன்று தளங்கள்: கீழே சேலை, நடுவில் ரெடிமேட், மேலே பள்ளிச் சீருடையும் போர்வை வகையும். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உசிலம்பட்டி, மேலூர், திருப்புவனம் பக்கங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள்.

ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு பழகிய ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். சம்பளத்தை உயர்த்திப் பார்த்தேன். போன தீபாவளிக்குப் போனஸோடு சேலையும் இனிப்பும் கொடுத்தோம். 'மாதத்தின் சிறந்த ஊழியர்' என்று படம் எடுத்துப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் மாட்டுகிறோம். போனவர்களில் சிலர் எங்களைவிடக் குறைந்த சம்பளம் தரும் கடையில்தான் சேர்ந்திருக்கிறார்கள். காரணம் கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "வீட்டில் சூழ்நிலை சரியில்லை."

கடைகளில் வேலை பார்த்தவர்கள், பார்க்கிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் மனம் விட்டுச் சொல்லுங்கள். தீபாவளிக்கு முன்னால் இதைச் சரிசெய்ய வேண்டும் என்பது ஒருபுறம். அப்பா காலத்தில் ஒரே கடையில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் முடித்து, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் இருந்தார்கள். இப்போது ஏன் அப்படி இல்லை என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.


மல்லிகைப்பந்தல்
திங்கள், இரவு 11.15

எல்லோரையும் ஒரு நாள் உட்கார வைத்துப் பேசுங்கள், ஐயா. குறை என்ன என்று நீங்களே நேரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.


கண்ணாடிவளை
செவ்வாய், காலை 6.20

நேரில் கேட்டால் சொல்ல மாட்டார்கள். தென்மாவட்டத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சில ஆண்டுகள் சேலைப் பிரிவில் நின்றவள் நான். இப்போது வீட்டில் தையல் வேலை. நானும் வேலையை விட்டபோது "வீட்டில் சூழ்நிலை சரியில்லை" என்றுதான் சொன்னேன்.

அண்ணா, அந்தப் பெண்கள் உங்களிடம் பொய் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலையை விட்டுப் போகிறவளுடைய அந்த மாதச் சம்பளம் உங்கள் கையில் இருக்கிறது. அவள் சேரப் போகும் கடைக்காரர் உங்களுக்குப் போன் செய்து "அந்தப் பிள்ளை எப்படி?" என்று கேட்பார். இந்த இரண்டும் இருக்கும்வரை யார் வாயைத் திறப்பார்கள்?

என் அனுபவத்தைச் சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து நிமிடம் தாமதமானால் அரைநாள் சம்பளம் பிடிப்பார்கள். இரவு அரைமணி நேரம் கூடுதலாக நின்றால் அதற்குக் கணக்கு இல்லை. வாடிக்கையாளர் இருக்கும்போது நிற்பதில் யாருக்கும் வருத்தமில்லை, அது வேலை. மதியம் மூன்று மணிக்கு ஒரு ஈ காக்கை இல்லாத நேரத்திலும் நிற்க வேண்டும். சுவரில் சாயக் கூடாது, ரேக்கில் கை ஊன்றக் கூடாது. கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் சொல்லி நோட்டில் எழுத வேண்டும். அவர் ஆண். மாதத்தில் அந்த மூன்று நாளும் ஒரே மணி நேரத்தில் இரண்டாவது தடவை போய்க் கேட்பதற்கு எங்களுக்கு நா எழாது. அதனால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவோம். கோடையில் மயங்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு குடும்பம் வந்து முகூர்த்தப் பட்டு பார்க்கிறது என்று வையுங்கள். ஐம்பது சேலையைப் பிரித்துப் போட்டபின் "சும்மா பார்க்க வந்தோம்" என்று எழுந்து போகும். உடனே மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் "வந்த கிராக்கியை விட்டுவிட்டாயே" என்பார். பட்டு எடுக்கிறவர்கள் நாலு கடை ஏறி இறங்கித்தான் எடுப்பார்கள் என்று அவருக்கும் தெரியும். அந்த ஐம்பதையும் மடிப்புக் கலையாமல் மடித்து அடுக்குவது யாருடைய கணக்கிலும் வராது.

சம்பளம் கூட்டியது நல்லது. குறைந்த சம்பளத்துக்கு ஒருத்தி பக்கத்துக் கடைக்குப் போகிறாள் என்றால், அங்கே உட்கார முடிகிறதா என்று பாருங்கள்.


கல்லாப்பெட்டி
செவ்வாய், காலை 9.05

நானும் கடைக்காரன், ஈரோடு. சகோதரி சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கடை நடத்துகிறவன் பக்கத்தையும் பார்க்க வேண்டும். உள்ளே நுழையும்போது விற்பனையாளர் உட்கார்ந்திருந்தால் "இந்தக் கடையில் கவனிப்பு சரியில்லை" என்று வாடிக்கையாளர் முகத்திலேயே தெரிகிறது. எதிரில் பெரிய நிறுவனங்கள் வாசலில் ஆளை நிறுத்தி வணக்கம் சொல்ல வைக்கின்றன. சதுர அடிக்கு வாடகை கொடுக்கிற இடத்தில் நாற்காலி போட இடம் எங்கே? கழிப்பறை நோட்டும் வேண்டுமென்றே வைத்ததில்லை. ஒரே நேரத்தில் நான்கு பேர் போய்விட்டால் தளத்தில் ஆள் இருக்காது.

வாங்குகிறவர்கள் மனம் மாறாமல் கடைக்காரனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.


தோழமை
செவ்வாய், காலை 11.30

கடை ஊழியர் சங்க வேலையில் நீண்ட காலமாக இருப்பவன். இருக்கை என்பது முதலாளி மனம் வைத்துக் கொடுக்கும் சலுகை என்ற எண்ணத்தில் பேச்சு போகிறது. தமிழ்நாட்டில் அது சட்டம். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு 2021-இல் சேர்க்கப்பட்டது. அந்த செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் மசோதாவைப் பேரவையில் தாக்கல் செய்தார். எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார முடிய வேண்டும். பிரிவின் சாரம் இவ்வளவுதான். பெண்களுக்கு மட்டும் என்றில்லை, எல்லோருக்கும்.

தொழிற்சாலையில் நின்று வேலை செய்பவருக்கு 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, 44-ஆம் பிரிவில், இதே உரிமை இருந்தது. கடை ஊழியருக்கு வர இன்னும் 73 ஆண்டுகள் ஆயின. தறி ஓட்டுகிறவருக்குக் கால் வலிக்கும் என்று ஒப்புக்கொண்ட சமூகம், அந்தத் தறியில் நெய்த சேலையை விற்கிறவருக்கும் வலிக்கும் என்று ஒப்புக்கொள்ள இத்தனை காலம் எடுத்துக்கொண்டது.

வேறு சிலவும் அதே 1947 சட்டத்தில் உண்டு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் நடுவில் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு நாள் வேலை பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு இருமடங்கு ஊதியம். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தராமல் நிறுத்தக் கூடாது. 41-ஆம் பிரிவு.

ஈரோடு நண்பரே, வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துச் சட்டத்தைக் கைவிட முடியாது.


பாரதப்புழை
செவ்வாய், மதியம் 2.10

பாலக்காட்டுத் தமிழன் நான். இந்தச் சட்டம் கேரளத்தில் 2018-இலேயே வந்துவிட்டது. அது எங்கிருந்து தொடங்கியது என்பது இந்த இழைக்கு முக்கியம். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கேட்டது கழிப்பறை. நாள் முழுவதும் போக இடமில்லாமல் தவித்தவர்களை ஒன்று சேர்த்தவர் விஜி என்ற தையல்காரப் பெண். 'பெண்கூட்டு' என்ற அமைப்பு அப்படித்தான் உருவானது. உட்காரும் உரிமைக்கான போராட்டம் அதிலிருந்து வளர்ந்தது. திருச்சூரில் ஒரு சேலைக் கடையின் பெண் ஊழியர்கள் வாசலில் மாதக்கணக்கில் போராடினார்கள். சட்டம் வந்த அதே ஆண்டு பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் இடம்பெற்றது.

இதை இன்னும் முன்னே கொண்டு போகலாம். இங்கிலாந்தில் 1899-இலேயே கடைப் பெண்களுக்கு இருக்கை தரச் சட்டம் போட்டார்கள். மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே "வாடிக்கையாளர் என்ன நினைப்பார்" என்ற அச்சத்துக்கு வயது நூறுக்கு மேல்.


ஊன்றுகோல்
செவ்வாய், மாலை 5.45

பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் கடை ஊழியர்களும் ஆசிரியர்களும் போக்குவரத்துக் காவலர்களும் அதிகம். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நிற்கும்போது அந்த வேலை நடப்பதில்லை, இரத்தம் காலிலேயே தேங்குகிறது. மாலையில் கணுக்கால் வீங்கும், பல ஆண்டு போனால் காலின் இரத்தக் குழாய்கள் சுருண்டு புடைத்துக்கொள்ளும். குதிகால் வலியும் இடுப்பு வலியும் கூடவே வரும். கண்ணாடிவளை சொன்ன தண்ணீர் விஷயம் இன்னும் மோசம். தண்ணீர் குடிக்காமல் சிறுநீரையும் அடக்கினால் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும். ஸ்டூல் போட்டால் மட்டும் போதாது. உட்காருவதும் எழுந்து நாலடி நடப்பதும் மாறி மாறி இருக்க வேண்டும்.


மூன்றாம்தளம்
செவ்வாய், இரவு 11.40

கோவையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். இந்த இழையில் எங்களைத்தான் வில்லனாக்கியிருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

முதலாளி அறையில் பெரிய திரை இருக்கிறது. எல்லாத் தளமும் அதில் தெரியும். ஒரு பெண் ரேக்கில் சாய்ந்தால் அரை நிமிடத்தில் எனக்குப் போன் வரும்: "ஏழாம் கவுன்ட்டரில் என்ன நடக்கிறது?" நான் போய் அந்தப் பெண்ணைச் சத்தம் போட வேண்டும். சத்தம் போட்டேனா என்பதையும் அதே திரையில் பார்ப்பார்கள். என் தளத்து விற்பனை போன ஆண்டு இதே தேதியைவிடக் குறைந்திருந்தால் இரவு கணக்கு முடிக்கும்போது எல்லாத் தளத்தாரும் இருக்கும்போதே என்னைக் கேட்பார்கள். எனக்கும் உட்கார நாற்காலி கிடையாது.

எங்கள் கடையில் 2021-க்குப் பிறகு ஸ்டூல் வாங்கினார்கள். புதிதாக, நல்ல தரமாக. அவை இன்றும் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன. உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உட்காரலாம் என்றும் யாரும் சொல்லவில்லை. முதல் நாள் ஒரு பெண் உட்கார்ந்தாள், போன் வந்தது. அதோடு சரி.

விளக்குத்தூண் ஐயா, உங்கள் கடையிலும் திரை இருக்கும். அதைப் பார்த்து நீங்கள் எதற்கெல்லாம் போன் செய்கிறீர்கள் என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். உங்கள் மேற்பார்வையாளர் அந்தப் பெண்களிடம் எப்படிப் பேசுகிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.


விளக்குத்தூண்
வெள்ளி, இரவு 9.30

எல்லாவற்றையும் படித்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது, அதனால் நான்கு நாட்களில் நடந்ததை எழுதுகிறேன்.

நின்றுபோனவர்களில் சிலருக்குக் கடைசி மாதச் சம்பளம் பாக்கி இருந்தது. "பத்தாம் தேதி வந்து வாங்கிக்கொள்ளட்டும்" என்பது கடையின் பழைய வழக்கம். அதை உடனே கணக்கில் போடச் சொல்லி, பணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் போன் செய்தேன். கண்ணாடிவளை சொன்னது சரி, பேச்சே மாறிவிட்டது. ஒரு பெண் சொன்னது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அவளுடைய மாமியார் இறந்த அன்று விடுப்புக் கேட்டிருக்கிறாள். கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் படம் எடுத்து அனுப்பினால்தான் சம்பளம் பிடிக்காமல் விடுப்பு என்று பதில் போயிருக்கிறது. அவர்கள் வீட்டில் போஸ்டர் அடிக்க வசதி இல்லை. இரண்டு நாள் சம்பளம் போனது. அந்த மாதமே அவள் நின்றுவிட்டாள். என் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக "சொந்தக் காரணம்" என்று இருக்கிறது.

அப்பாவிடமும் பேசினேன். அவர் சொன்ன ஒன்று ஈரோடு நண்பருக்குப் பயன்படும். எங்கள் கடையே முதலில் மெத்தைக் கடைதான். தரையில் மெத்தை போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருக்கும். வாடிக்கையாளர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்காருவார். சேலை காட்டுகிறவரும் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் காட்டுவார். கவனிப்பு குறைந்தது என்று அன்று யாரும் சொன்னதில்லை. கண்ணாடி அலமாரியும் கவுன்ட்டரும் வந்த பிறகுதான் ஜவுளிக்கடையில் எல்லோரும் நிற்க ஆரம்பித்தோம் என்கிறார் அப்பா.

ஒரு கேள்வி. 'சிறந்த ஊழியர்' படத்தை எடுத்துவிடலாமா, வேண்டாமா?


கண்ணாடிவளை
சனி, காலை 6.05

அந்தப் போஸ்டர் செய்தியைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

படத்தைப் பற்றிச் சொல்கிறேன். பில் தொகையை வைத்துத்தானே தேர்ந்தெடுக்கிறீர்கள்? சேலைப் பிரிவில் ஒருத்தி எடுத்துக் காட்டுவாள், ஒருத்தி பிரித்துப் பிடிப்பாள், ஒருத்தி மடிப்பாள். பில்லில் ஒருத்தியின் எண்தான் விழும். சீருடைப் பிரிவில் இருக்கிறவளுக்கு ஜூன் மாதம் தவிர வேறு எப்போதும் படம் கிடைக்காது. யாருடைய படத்தை மாட்டுகிறீர்களோ, அன்று மற்றவர்கள் அவளோடு சாப்பிட உட்கார மாட்டார்கள். பரிசு கொடுக்க ஆசைப்பட்டால் ஊக்கத்தொகையைத் தளத்துக்கே மொத்தமாகக் கொடுங்கள், கணக்கை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். எனக்கு எவ்வளவு வர வேண்டும் என்று எனக்கே தெரியாமல் கவரில் போட்டுக் கொடுத்த பணத்தை நான் ஒருநாளும் மகிழ்ச்சியோடு வாங்கியதில்லை.

பெயரும் முக்கியம். நாலு ஆண்டு வேலை பார்த்தவளை "ஏ பிள்ளை, அந்த நீலத்தை எடு" என்று வாடிக்கையாளர் முன்னால் சொல்வதை முதலில் நிறுத்துங்கள். செலவே இல்லாத காரியம் அது. வயதில் மூத்தவர்களை அக்கா என்று நீங்கள் கூப்பிட்டால் மேற்பார்வையாளரும் கூப்பிடுவார்.


வடக்குவெளிவீதி
சனி, காலை 10.20

வாடிக்கையாளராக ஒரு வார்த்தை. பிள்ளைகளோடு வந்து இரண்டு மணி நேரம் சேலை பார்க்கும்போது எனக்கு மட்டும் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுக்கிறார்கள். எதிரில் காட்டுகிற பெண் நின்றுகொண்டே இருக்கிறாள். எனக்கு அது சங்கடமாகத்தான் இருக்கும். "நீயும் உட்காரம்மா" என்று சொன்னால் பயந்து மேலே கேமராவைப் பார்க்கிறாள். எங்கள் பெயரைச் சொல்லி அவர்களை நிற்க வைக்காதீர்கள். எங்களிடம் யாரும் இதைக் கேட்டதே இல்லை.


கல்லாப்பெட்டி
சனி, மதியம் 1.00

மெத்தைக் கடை ஞாபகம் எனக்கும் உண்டு, அதை மறந்துதான் பேசிக்கொண்டிருக்கிறோம். ஸ்டூல் விஷயத்தில் நான் இனி வாதாடவில்லை. சட்டம் இருக்கிறது, போடுகிறேன்.

ஆனால் விடுப்புக்குச் சான்று கேட்பது தவறு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐப்பசியில் கூட்டம் குவியும் வாரத்தில் சாவு என்று சொல்லிவிட்டு வேறு கடையில் தினக்கூலிக்கு நின்றவர்களை நான் கையோடு பிடித்திருக்கிறேன். இரவு வீட்டுக்குப் போகும்போது பையைச் சோதிப்பதும் அப்படித்தான். ஒரு சுடிதார் காணாமல் போனால் மொத்தத் தளமும் சந்தேகத்துக்கு ஆளாகிறது. சோதனை இருந்தால் நேர்மையானவர்களுக்குத்தான் பாதுகாப்பு.


தோழமை
சனி, மாலை 4.35

தினக்கூலி கூடுதலாகக் கிடைக்கிறது என்றுதானே அந்த வாரம் வேறு கடைக்குப் போகிறார்கள்? உங்கள் கடையில் கூடுதல் நேரத்துக்கு இருமடங்கு ஊதியம் கொடுத்துப் பாருங்கள், எத்தனை பேர் போகிறார்கள் என்று தெரியும். ஏமாற்றுகிற ஒருவருக்காக, சாவு வீட்டில் இருக்கிற பெண்ணிடம் போஸ்டர் கேட்பதை எந்த நியாயத்திலும் ஏற்க முடியாது.

பைச் சோதனையில் எனக்கும் உங்களுக்கும் உடன்பாடு வராது. வைத்தே ஆக வேண்டும் என்றால் பெண்களைப் பெண்தான், மறைவான இடத்தில்தான் சோதிக்க வேண்டும். மேலாளரும் அதே வரிசையில் நின்று தன் பையைத் திறக்கட்டும். உங்கள் மகன் கடைக்கு வந்து போனால் அவரும்.


கல்லாப்பெட்டி
சனி, மாலை 5.10

கடைசியாகச் சொன்னதை யோசிக்கிறேன். மற்றதில் என் கருத்து மாறவில்லை.


விளக்குத்தூண்
ஞாயிறு, இரவு 10.15

முடிவு செய்தவற்றை எழுதிவிடுகிறேன், பிறகு ஓர் உதவி கேட்கிறேன்.

கழிப்பறை நோட்டை எடுத்துவிட்டோம். தளத்தில் ஆள் குறையாமல் பார்த்துக்கொள்வதை அவர்களே பேசி வைத்துக்கொள்கிறார்கள், இதுவரை சிக்கல் இல்லை. திரையைப் பார்த்து நான் மேற்பார்வையாளருக்குப் போன் செய்வதில்லை, ஏதாவது சொல்ல வேண்டுமானால் தளத்துக்குப் போகிறேன். மூன்றாம்தளம், உங்கள் பதிவை எங்கள் மேற்பார்வையாளருக்கு வாசித்துக் காட்டினேன். "இதை எழுதியவர் எந்தக் கடை?" என்று கேட்டார். நெருங்கிய சாவுக்கு விடுப்பு வாய்ச்சொல்லாகக் கேட்டால் போதும், சம்பளம் பிடிக்கப்படாது. வேலையை விட்டுப் போகிறவர்களுக்குப் போகிற அன்றே கணக்கு முடிக்கப்படும். படத்தை இறக்கிவிட்டேன். ஊக்கத்தொகைக் கணக்கு இந்த மாதம் முதல் சாப்பாட்டு அறையில் ஒட்டப்படும்.

உதவி இதுதான். தீபாவளிக்கு முந்தைய வாரம் இரவு பதினொன்று வரை கடை திறந்திருக்கும். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துப் பெண்கள் எப்படி வீடு போய்ச் சேருவார்கள்? முன்பெல்லாம் கடையிலேயே படுத்துக்கொள்வார்கள்.


கண்ணாடிவளை
திங்கள், காலை 5.50

கடையில் படுக்க வைக்காதீர்கள் அண்ணா. தீபாவளி வாரத்தில் வீட்டிலும் பலகாரம் சுட வேண்டும், பிள்ளைகளுக்குத் துணி தைக்கக் கொடுக்க வேண்டும். ஆளை இரண்டாகப் பிரியுங்கள். தூரத்து ஊர்க்காரர்கள் காலையில் கடை திறக்கும்போது வந்து மாலையில் பஸ் இருக்கும்போதே போகட்டும். நகருக்குள் இருப்பவர்கள் மதியம் வந்து இரவு வரை நிற்கட்டும். அவர்களை வீட்டு வாசலில் இறக்கிவிட வேன் ஏற்பாடு செய்யுங்கள். யார் எந்த நேரம் என்பதைப் புரட்டாசியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். கடைசி நாளில் மாற்றாதீர்கள்.

தீபாவளிக்கு முதல் நாள் மட்டுமாவது எல்லோரையும் கொஞ்சம் முன்னதாக விட முடியுமா என்று பாருங்கள்.


தோழமை
திங்கள், காலை 8.15

நேரப் பிரிவு நல்ல யோசனை. பன்னிரண்டு மணி நேர வரம்புக்குள்ளும் அடங்கும். கூடுதல் நேரத்தைத் தனிப் பதிவேட்டில் எழுதி அன்றன்றே அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள்.


விளக்குத்தூண்
திங்கள், இரவு 9.55

வேன்காரரிடம் பேசி முன்பணம் கொடுத்துவிட்டேன். தீபாவளிக்கு முதல் நாள் இரவு எட்டு மணிக்கு எல்லோரும் கிளம்பலாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வருகிற வாடிக்கையாளரை நானும் தம்பியும் கவனித்துக்கொள்வோம்.

ஸ்டூல் வாங்க வேண்டும். கவுன்ட்டர் உயரத்துக்கு வாங்குவதா, சாதாரண உயரமா?


ஊன்றுகோல்
திங்கள், இரவு 10.30

கவுன்ட்டருக்குப் பின்னால் என்றால் உயரமான ஸ்டூல் வாங்குங்கள். கால் வைக்கக் குறுக்குக் கம்பியும் முதுகுக்குச் சாய்மானமும் இருக்கட்டும். மொத்தமாக வாங்கும் முன் இரண்டை வாங்கி அந்தப் பெண்களையே உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். உயரம் ஆளுக்கு ஆள் மாறும்.